கை அசையும்போதே போட வேண்டிய ஒப்பு

2022 ஜூன் மாதம், இடவப்பாதி மழை வலுத்திருந்த ஒரு விடியற்காலையில் அம்மா அடுக்களை வாசலில் விழுந்து கிடந்தாள். வயது 74. திருவட்டாறு பக்கம் எங்கள் குடும்ப வீட்டில் தனியாக இருந்தாள். அப்பா 2016-இல் போய்விட்டார், அண்ணன் கத்தாரில், நான் மார்த்தாண்டத்தில். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு போன் செய்தபோது மணி ஆறரை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அன்றிலிருந்து 2024 ஆகஸ்டில் அவள் கண்மூடும் வரை 26 மாதம். அந்த 26 மாதத்தில் செலவான தொகை 16 லட்சத்து 30 ஆயிரம். அதில் மருத்துவமனைக்குப் போனது 4 லட்சத்து 35 ஆயிரம்தான். மீதி முழுவதும் வீட்டில் கட்டிலைச் சுற்றி நடந்த செலவு. நான் பள்ளிக்கூட வேலையை விட்டதால் போன 18 மாதச் சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள், ரப்பர் விளையும் (தோட்டத்தை எங்கள் பக்கம் விளை என்போம்) பெரிய வீடும் வயதானவர்கள் காவலில் கிடக்கின்றன. எங்களைப் போலவே அவர்களும் "அம்மாவுக்கு என்ன, சொத்து இருக்கு, டெபாசிட் இருக்கு" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். எங்களிடமும் இருந்தது. வங்கியில் அம்மா பெயரில் 8 லட்சம், 60 சென்ட் ரப்பர் விளை. அவள் விழுந்த மறுநாளிலிருந்து ஏழு மாதம் அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட எங்களால் தொட முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் கையெழுத்தை ஒப்பு என்பார்கள். அம்மாவின் வலது கை போனதோடு அவள் ஒப்பும் போயிற்று. பணமில்லாமல் பட்ட பாட்டைவிட, பணம் இருந்தும் எடுக்க வழியில்லாமல் பட்ட பாடு பெரிது.

முதல் தவறு முதல் இரண்டு மணி நேரத்திலேயே நடந்தது. பக்கத்தில் என்று ஒரு சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே சி.டி. ஸ்கேன் இல்லை. குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்துவிட்டு, "திருவனந்தபுரம் கொண்டுபோங்க" என்றார்கள். போய்ச் சேர்ந்தபோது, அம்மா நன்றாக இருந்ததைக் கடைசியாக யாராவது பார்த்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டால் நேரம் கடந்துவிட்டது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த ஊசி கிடைத்திருந்தால் அம்மா எழுந்து நடந்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்தது. வயதானவர் இருக்கும் வீட்டில், இரவும் பகலும் சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள மருத்துவமனை எது என்பதை இன்றைக்கே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் நடுவில் வேறெங்கும் இறங்காமல் நேராக அங்கே போங்கள். இதைச் செலவுக் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தின் விலையைத்தான் பிறகு 26 மாதம் கட்டினோம் என்று எனக்குத் தோன்றாத நாளில்லை.

19 நாள் ஆஸ்பத்திரி. பில் 4,35,000. அம்மாவுக்கு 3 லட்சம் ரூபாய் காப்பீடு இருந்தது, வந்தது 1,92,000. ஏன் குறைந்தது என்பது டிஸ்சார்ஜ் நாளில்தான் புரிந்தது. பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு 3,000. நாங்கள் எடுத்தது 5,000 ரூபாய் அறை. கூடுதல் 2,000-ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்று நினைத்தேன். அப்படியில்லை. அறையைச் சார்ந்த மருத்துவர் கட்டணம், நர்சிங் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் வெட்டப்படும். அதன்மேல் மூத்தோர் பாலிசி என்பதால் 20 சதவீதம் நம் பங்கு. டயப்பர், கையுறை, ஷீட் போன்றவை கணக்கிலேயே வராது. வீட்டுக்கு வந்த பிறகு ஆள் வைப்பதற்கு வழக்கமான எந்த மருத்துவக் காப்பீடும் பணம் தராது, டிஸ்சார்ஜுக்குப் பின் 60 அல்லது 90 நாள் வரை மருந்து, பரிசோதனைச் செலவுகளைத் திரும்பத் தருவதோடு சரி. அந்த பில்களைக்கூட நான் பத்திரப்படுத்தாமல் விட்டு, சுமார் 11,000 ரூபாயை இழந்தேன். 2024 ஏப்ரலுக்குப் பிறகு 65 வயது தாண்டியவர்களும் புதிதாகப் பாலிசி எடுக்கலாம், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. எடுக்கும்போது அறை வாடகை வரம்பு இல்லாததாகப் பார்த்து எடுங்கள், தொகையைவிட அதுதான் முக்கியம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் வருமுன்பே வாங்கி வைத்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு மாதக் கணக்கு இப்படி நின்றது. ஆள் சம்பளம் 22,000. டயப்பரும் கட்டிலில் விரிக்கும் ஷீட்டும் 4,200. பிசியோதெரபி மாதம் 12 முறை, ஒரு முறைக்கு 500 என்று 6,000. மருந்து 3,800. பால், முட்டை, புரதப் பொடி, நிற்கிற ஆளின் சாப்பாடு சேர்த்து 3,000. சிறுநீர்க் குழாய் மாற்ற வருபவருக்கும் சில்லறைச் செலவுக்கும் 1,000. கூட்டினால் 40,000. திடீர்ச் செலவுகள் சேர்ந்து சராசரி 42,000-இல் நின்றது. ஆஸ்பத்திரிச் செலவு பெரியதாக இருந்தாலும் ஒரு நாள் பில் வந்து முடிந்துவிடும். இது எப்போது முடியும் என்று தெரியாது, முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியாது. எனவே, நீண்டகாலப் பராமரிப்புக்குச் சேமிப்பவர்கள் "மொத்தம் எவ்வளவு" என்று தொடங்கக் கூடாது. "மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும்" என்றுதான் தொடங்க வேண்டும். இந்தப் பட்டியலில் கைவைக்கக் கூடாத ஒன்று பிசியோதெரபி, அதுவும் முதல் மூன்று முதல் ஆறு மாதம். பக்கவாதத்தில் திரும்பி வரக்கூடிய அசைவில் பெரும்பகுதி அந்தக் காலத்தில்தான் வரும். நான் பணம் இழுபறியான இரண்டாவது மாதத்தில் அதைத்தான் முதலில் குறைத்தேன். இன்றும் மனதில் கிடக்கிறது. தாமாகத் திரும்பிப் படுக்க முடிகிறவருக்கும் முடியாதவருக்கும் மாதச் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

இனி அந்த 8 லட்சம். அம்மா தனிப்பெயரில் வைத்திருந்தாள், நாமினியாக அப்பா பெயர், அவர் போய் ஆறு வருடமாகியும் மாற்றவில்லை. இரண்டு வருடம் முன்பு ஒருநாள் நான் கேட்டேன், என் பெயரையோ அண்ணன் பெயரையோ சேர்த்துவிடலாமா என்று. "நான் நடந்துட்டு இருக்கும்போ எதுக்கு மக்களே இப்பவே ஒப்பு?" என்றாள். சொத்துக்கு ஆசைப்படுகிறேன் என்று நினைப்பாளோ என்ற வெட்கத்தில் விட்டுவிட்டேன். வங்கியில் போய் நின்றபோது, "ஆளைக் கூட்டிட்டு வாங்க, இல்லன்னா கோர்ட்டு ஆர்டர் கொண்டு வாங்க" என்றார்கள். நான்கு முறை அலைந்தேன். என் நகையை அடகு வைத்து 6 லட்சம் வாங்கினோம், 12 சதவீத வட்டி, ஏழு மாதத்தில் 42,000 வட்டியாக மட்டும் போயிற்று. பிறகுதான் ஓய்வுபெற்ற ஒரு வங்கிக்காரர் வழி சொன்னார். நோயால் கையெழுத்திட முடியாதவருக்கு ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது. கைரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். இதை எழுத்தில் கேட்டு, நோயாளிக்கு நினைவும் புரிதலும் இருக்கிறது என்ற மருத்துவர் சான்றை இணைத்துக் கொடுத்த பிறகு அலுவலர் வீட்டுக்கு வந்தார். அம்மா இடது பெருவிரலை வைத்தாள். முழு வேலையும் அரை மணி நேரம். அதற்கு ஏழு மாதம் ஆயிற்று.

அம்மாவுக்குப் பேச்சுத்தான் இல்லை, சொல்வது புரிந்தது, தலையசைத்தாள். அதனால்தான் இதுவும் நடந்தது. நினைவு மங்கும் நோய் என்றால் இந்த வழியும் அடைபடும். பவர் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறோமே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். கொடுத்தவர் மனநிலை தவறினால் ஒப்பந்தச் சட்டப்படி அந்த பவர் அதோடு முடிந்துபோகும். அதன்பிறகு மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் வரை போய்க் காப்பாளராக நியமனம் வாங்க வேண்டிவரும். ஆகவே செய்ய வேண்டியது எளிது, ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும். சேமிப்புக் கணக்கை, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். டெபாசிட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. கூட்டுப் பெயரில் இருந்தாலும், முதிர்வுக்கு முன் உடைக்க உயிரோடு இருக்கும் இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். 8 லட்சத்தை ஒரே டெபாசிட்டாகப் போடாமல் ஒவ்வொரு லட்சமாக, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி போட்டு, முதிர்ந்ததும் கூட்டுச் சேமிப்புக் கணக்குக்கு வரும்படி எழுதிக் கொடுத்துவிட்டால் யாருடைய ஒப்பும் தேவையில்லை. ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால் வாழ்நாள் சான்றுக்கு அலைய வேண்டாம், தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு விரல் ரேகை எடுத்து அனுப்பிவிடுவார்.

விளை விஷயம் இன்னும் நீண்டது. ரப்பர் இருக்கிறது, மாதாமாதம் வருமானம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். மாசி வாக்கில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது, பால் எடுக்க மரத்தைக் கீறும் வெட்டை நிறுத்த வேண்டும், மழைக்காவல் பிளாஸ்டிக் கட்டாத மரத்தில் ஆனி ஆடி மழையிலும் வெட்டு நடக்காது. அம்மா விழுந்ததே வெட்டில்லாத மாதத்தில். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ஒரே இரவில் எத்தனை விளைகள் சாய்ந்தன என்று நம் எல்லோருக்கும் தெரியும். விற்கலாம் என்று பார்த்தால், பட்டா அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் கூட்டாக இருந்தது. வாரிசுச் சான்று வாங்கி, உட்பிரிவு செய்து, தனிப்பட்டா மாற்ற வேண்டும். அண்ணன் கத்தாரில் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி எனக்கு பவர் அனுப்பினான். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் நாள் கடந்துபோய், மறுபடி எழுதி அனுப்ப இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் 13-ஆவது மாதம் 20 சென்ட் விற்றோம். அவசரம் தெரிந்ததும் வாங்க வந்தவர் சென்ட்டுக்கு 15,000 குறைத்தார். 3 லட்சம் அதில் போயிற்று. பத்திரப்பதிவுக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமோ என்று பயந்தேன். தக்க காரணம் காட்டி மனு கொடுத்து, தனிக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவார், பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. விற்பதோ இல்லையோ, அப்பாவோ அம்மாவோ போனால் ஆறு மாதத்துக்குள் பட்டாவை மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு ஆள் வைப்பதில் நான் செய்யாத தவறில்லை. ஏஜென்சிக்குப் பதிவுக் கட்டணம் 5,000 கட்டினேன். முதலில் வந்த பெண் ஒன்பதாம் நாள் வீட்டில் கல்யாணம் என்று போனாள், வேறு ஆள் வர ஆறு நாள். இரண்டாவது ஆளுக்கு முன்பணமாக 10,000 கொடுத்தேன், அவள் திரும்பி வரவில்லை. மூன்றாவதாக வந்த அக்கா அம்மாவை "அம்மச்சி" என்று கூப்பிட்டு, தலையில் எண்ணெய் தேய்த்து, 14 மாதம் நின்றாள். அவளுக்கு நான் பட்டிருக்கும் கடன் சம்பளத்தில் தீராது. ஏஜென்சியில் முதலில் கேட்க வேண்டியது, அனுப்புவது நர்சிங் படித்தவரா, துணைக்கு நிற்கிற ஆளா என்பது. எங்கள் பக்கம் இரண்டையும் ஹோம் நர்ஸ் என்றே சொல்கிறார்கள். படித்தவர் என்றால் சம்பளம் 30,000-க்கு மேல். துடைத்துவிட, திருப்பிப் போட, குழாய் வழியாக உணவு ஊற்ற, பழகிய துணையாள் போதும். மூக்குக் குழாய் போடுவதும் சிறுநீர்க் குழாய் மாற்றுவதும் அவர் செய்யக் கூடாது, அதற்குத் தனியாக ஆள் பேசிக்கொள்ளுங்கள். ஆள் போனால் எத்தனை நாளில் மாற்று ஆள், மாதம் எத்தனை நாள் லீவு, ஆண்டுக்கு எவ்வளவு சம்பளம் கூடும், இவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஆதார் நகலும் போலீஸ் சரிபார்ப்பும் கேளுங்கள். 24 மணி நேரம் என்று சொன்னாலும் மனிதர் 24 மணி நேரம் விழித்திருக்க முடியாது. அவருக்குப் படுக்க இடம், இரவில் தொடர்ந்து ஐந்து மணி நேரமாவது தூக்கம் வேண்டும், அந்நேரம் வீட்டில் யார் பார்ப்பது என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். வீட்டுச் சமையல், துணி துவைத்தல் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினால் ஆள் நிற்காது. லீவு நாளில் நிற்பதற்கு ஊரிலேயே ஒரு அக்காவை நாள் கூலிக்குப் பேசிப் பழக்கி வையுங்கள்.

சாமான்களில் ஒரு கணக்கு. தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலை மாதம் 1,800 வாடகைக்கு எடுத்தோம், கொஞ்ச நாளுக்குத்தானே என்று. 26 மாதத்துக்கு 46,800 ஆயிற்று. புதிதாக வாங்கியிருந்தால் 16,000. ஒரு மாதம் வாடகைக்குப் பாருங்கள், மூன்றாவது மாதமும் தேவை என்று மருத்துவர் சொன்னால் வாங்கிவிடுங்கள். காற்று மெத்தை முதலில் 3,500-க்கு வாங்கியது நான்கு மாதத்தில் மோட்டார் போய்விட்டது, அடுத்து 6,800-க்கு வாங்கியது கடைசிவரை ஓடியது. அந்த மெத்தை கரண்டில் ஓடுவது. 2023-இல் ஒரு மழை இரவில் கரண்டு போய் காற்று இறங்கிவிட்டது. அக்கா லீவு, நான் அசந்து தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் அம்மாவின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து கன்றியிருந்தது, பத்து நாளில் குழியானது. மூன்று மாதம் தினமும் டிரெசிங், ஒரு முறைக்கு 300, மருந்தும் சேர்த்து 41,000. அம்மா வலியில் முனகியது இப்போதும் காதில் இருக்கிறது. மெத்தைக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுங்கள். மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவதை நிறுத்தாதீர்கள், மாற்றிய நேரத்தைச் சுவரில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஈரத்தில் கிடக்க விடக் கூடாது. குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் முக்கால் மணி நேரம் அப்படியே. அவசரப்பட்டுப் படுக்க வைத்தால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும், மறுபடி ஆஸ்பத்திரி.

கிடைக்கிற உதவியைத் தெரியாமல் விட்டதும் பணம்தான். 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும், படுக்கையில் இருப்பவருக்கு பிசியோதெரபியும் வலி தணிப்பு நர்சின் வருகையும் அதில் உண்டு. எட்டாம் மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, படுக்கை நோயாளிப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொன்னேன், அதன்பின் குழாய் மாற்றும் செலவு நின்றது. இன்னொன்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. பக்கவாதத்தால் கைகால் போனவருக்கும் அது உண்டு. கடுமையான பாதிப்பு என்று சான்று கிடைத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வருமான வரியைப் பழைய முறையில் கட்டுகிற பிள்ளைக்கு, தன்னை நம்பியிருக்கும் மாற்றுத்திறனாளிப் பெற்றோருக்காக 75,000, கடும் பாதிப்பு என்றால் 1,25,000 கழிவு கிடைக்கும், செலவுக் கணக்கு காட்டவும் வேண்டாம். காப்பீடு இல்லாத 60 வயது தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 50,000 வரை கழிவு உண்டு, ஆனால் ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. நான் பாதி பில்லை ரொக்கமாகக் கட்டியிருந்தேன். எந்த அலுவலகத்துக்குப் போவது என்றே தெரியாதவர்கள் 14567 என்ற மூத்தோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

வீட்டுக்குள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மாதம் 25,000 அனுப்பினான். அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று அவன் நினைப்பதாக எனக்குக் கோபம். நான் கணக்கில்லாமல் செலவு செய்கிறேன் என்று மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, எரிச்சல். எட்டு மாதம் போனில் சண்டை. பிறகு வாட்ஸ்அப்பில் மூவரும் சேர்ந்து ஒரு குழு வைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் வாரச் செலவை பில்லோடு போட்டேன், கூடவே நான் நின்ற மணி நேரத்தையும் எழுதினேன். மூன்றாவது வாரம் அண்ணனே போன் செய்து, "உனக்கு இவ்வளவு வேலை இருக்குன்னு தெரியாது பிள்ளே" என்றான். மைனி மாதம் ஒரு சனி ஞாயிறு வந்து நிற்க ஆரம்பித்தாள். பணம் கொடுப்பவர், நேரம் கொடுப்பவர் இருவரும் கணக்கில் வர வேண்டும், முதல் மாதத்திலேயே. வேலையை விடும் முன் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவே இல்லை. ஒரு இரவு, நான்காவது முறையாகப் படுக்கையை மாற்றியபோது, இவள் போய்விட்டால் போதும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இப்படி நினைப்பு வந்தவர்கள் வெளியே சொல்வதில்லை, எல்லோருக்கும் வரும். அந்த நாளுக்குப் பிறகுதான் வாரத்தில் ஒரு மதியம் வேறு ஆள் வைத்துவிட்டு வெளியே போகப் பழகினேன், அதற்கான 400 ரூபாயை மாதக் கணக்கிலேயே சேர்த்தேன்.

எவ்வளவு சேர்த்து வைப்பது? இன்றைய 40,000-ஐ வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். ஆண்டுக்கு ஆறு சதவீதம் விலை ஏறுவதாகக் கொண்டால், 15 ஆண்டு கழித்து அந்த 40,000 ஏறக்குறைய 96,000 ஆகிவிடும். 50 வயதுக்காரர் தன் 65-ஐ நினைத்துப் போடும் கணக்கு அந்த 96,000-இல் தொடங்க வேண்டும். ஆறு மாதச் செலவு உடனே எடுக்கும்படி கூட்டுக் கணக்கில் இருக்கட்டும். 60 தாண்டியவர் என்றால் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் 15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 வரும். அதில் கணவன் மனைவி மட்டும்தான் கூட்டாகச் சேர முடியும், எனவே நாமினியைச் சரியாகப் போட்டு, வட்டி விழும் கணக்கைப் பிள்ளையோடு கூட்டுக் கணக்காக வையுங்கள். சேமிப்பு முழுவதையும் மண்ணிலும் மாடி வீட்டிலும் போடுவது நம் ஊர்ப் பழக்கம். நடு இரவில் ஒரு சென்ட்டை விற்று மருந்து வாங்க முடியாது.

பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று வீட்டை எழுதிக் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று. எழுதுவதானால் "என்னை ஆயுள் முழுவதும் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், உங்கள் ஆயுள்கால அனுபவ உரிமையையும் வைத்துக்கொள்ளுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை நிறுவப்பட வேண்டும் என்று 2022-இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2025-இல் அதே நீதிமன்றம் மூத்தோர் பக்கம் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. வழக்கறிஞர்கள் எப்படி வாதாடினாலும், எழுதி வைத்த வரி இருந்தால் அலைச்சல் குறையும். மனு கொடுக்க வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகம், நம் மாவட்டத்தில் நாகர்கோவிலும் பத்மநாபபுரமும். முதியோர் இல்லத்தைத் தேர்வு செய்பவர்கள் முன்பணம் கட்டும் முன் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, அப்போது மாதம் எவ்வளவு? நான் விசாரித்த ஆறு இல்லங்களில் நான்கு, நடமாடுகிறவர்களை மட்டும்தான் எடுத்தன.

அம்மா போன பிறகு நான் எனக்கென்று ஒரு சிவப்புக் கோப்பு போட்டேன். எனக்கு 52 வயது. அதில் ஆதார், பாலிசி, டெபாசிட் எண்கள், பட்டா நகல், நான் சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாத மருந்து, போன் பூட்டைத் திறக்கும் எண் எல்லாம் இருக்கின்றன. இனி திரும்பப் பிழைக்க வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை உயில்போல எழுதி, இரண்டு சாட்சியோடு நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கியிருக்கிறேன். 2023-இல் உச்சநீதிமன்றம் அந்த நடைமுறையை எளிதாக்கியது. அம்மாவுக்கு இது இல்லாததால், கடைசி வாரம் வெண்டிலேட்டர் போடலாமா வேண்டாமா என்று நானும் அண்ணனும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் தவித்தோம். கோப்பு சாமி அறை அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. இருக்கும் இடத்தை மகளுக்குக் காட்டினேன். "இப்பவே எதுக்கு அம்மா?" என்றாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன், அன்று மதியமே அவள் பெயரைச் சேர்த்து ஒப்பு போட்டேன்.